தலைமடைச் சீட்டு

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலியில் ஒரு கல்லூரியின் முதுகலைப் பொருளியல் வகுப்புக்குப் புளியங்கொட்டையை வைத்துப் பாடம் நடத்தியவள் நான். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் சிரிக்கிறார்கள். அன்றைக்குச் சிரித்தவர்களில் முதல் ஆள் எங்கள் துறைத் தலைவர். பதினெட்டு வருடமாக ஒரே குறிப்பேட்டை வாசித்து வந்த மனிதர் அவர். அவர் வாசிப்பார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் அதையே திருப்பி எழுதித் தேறிவிடுவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. நானும் சேர்ந்த ஐந்து வருடம் அதே வழியில்தான் போனேன். என் குரலைக் கேட்டு எனக்கே கொட்டாவி வரும்.

பதவி உயர்வு வேண்டுமென்றால் விரிவுரையாளர்கள் மூன்று வாரப் பயிற்சி ஒன்றை முடித்தாக வேண்டும் என்று விதி இருந்தது. வெளியூரில் நடந்த அந்தப் பயிற்சியின் பெரும்பகுதி தூக்கத்தில் போயிற்று. ஒரு மதியம் மட்டும் ஒருவர் வந்து எங்களை ஆறு படகுகளாகப் பிரித்தார். நடுவில் ஒரு தட்டில் சட்டைப் பொத்தான்களைக் கொட்டினார். தட்டுதான் ஏரி, பொத்தான்கள்தான் மீன்கள், ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம், மிச்சமிருப்பது அடுத்த சுற்றுக்குள் இரட்டிப்பாகும் என்றார். நான்கே சுற்றில் ஏரி காலி. பொதுச் சொத்து ஏன் அழிகிறது என்று ஐந்து வருடமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். அங்கே அதிகமாக அள்ளியவளும் நான்தான். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக ஆச்சரியமாக இருந்தது. எல்லாம் தெரிந்த நான் எதற்காக அப்படி அள்ளினேன்? ஊர் திரும்பும்வரை இதே யோசனைதான்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இப்படிப்பட்ட விளையாட்டுகளைக் கணினியில் வைத்து நடத்துகிறார்கள் என்று அந்தப் பயிற்சியில் கேள்விப்பட்டேன். எங்கள் கல்லூரியிலும் ஒரு கணினி இருந்தது. குளிர்சாதன அறையில், பூப்போட்ட துணி போர்த்தி, ஊதுபத்தி ஒன்றுதான் பாக்கி என்பதுபோல உட்கார்ந்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சாவி துறைத் தலைவரிடம். அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆற்றங்கரை ஊரில் இருந்துகொண்டு மீனும் பொத்தானும் எதற்கு, தண்ணீரே இருக்கிறதே என்று தோன்றியது. தாமிரபரணியில் ஒவ்வொரு அணைக்கட்டிலும் வாய்க்கால் பிரிகிறது. வாய்க்கால் தொடங்கும் இடத்தில் இருக்கிற வயல் தலைமடை, முடிகிற இடத்தில் இருக்கிற வயல் கடைமடை. கார் பருவமானாலும் பிசானப் பருவமானாலும், மேலே இருப்பவன் மடையைத் திறந்து வைத்துக்கொண்டால் கீழே இருப்பவன் வானத்தைப் பார்க்கவேண்டியதுதான். எங்கள் குடும்பத்துக்கும் அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஒரு காலத்தில் வயல் இருந்தது. தாத்தா காலத்தில் குத்தகைக்குப் போய், அப்பா அரசு வேலைக்கு வந்தபின் விலைக்கும் போய்விட்டது. மண்வெட்டி பிடித்து ஒரு மடையைக்கூட நான் திறந்ததில்லை. ஆனாலும் வாய்க்கால் விவகாரம் முழுக்க எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நிஜத் தண்ணீரையே ஓடவிடுவது என்று திட்டம். பேட்டையில் ஒரு பட்டறைக்குப் போய், தகரத்தில் ஆறடி நீளத்துக்கு வாய்க்கால், அதில் எட்டு இடத்தில் ஏற்றி இறக்குகிற சின்னக் கதவு என்று படம் போட்டுக் காட்டினேன். பட்டறை அண்ணாச்சி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் எந்தப் பயிர் விளையும் என்று கேட்டார். பொருளியல் விளையும் என்றேன். அளவெடுத்துக்கொண்டார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வகுப்பில் வாளித் தண்ணீரை ஊற்றிய ஐந்தாவது நிமிடம் எட்டு வயலும் நிரம்பி, மேசையும் நிரம்பி, கதவிடுக்கு வழியாக வராந்தாவைத் தாண்டித் துறைத் தலைவரின் அறைவரை பாசனம் நடந்தது. மறுநாள் தகர வாய்க்காலைப் பரணில் போட்டுவிட்டு, வீட்டிலிருந்து ஒரு பை புளியங்கொட்டை கொண்டுபோனேன்.

விளையாட்டு மிகவும் எளிது. அந்த வருடம் வகுப்பில் எட்டே பேர், ஆகவே எட்டு வயல். ஒரு பிஸ்கட் டின்னில் ஒன்றிலிருந்து எட்டுவரை எழுதிய சீட்டுகள். யாருக்கு எந்த எண் வருகிறதோ அந்த வயல் அவருக்கு. கொட்டைதான் தண்ணீர். ஐந்து கொட்டை இருந்தால் ஒரு போகம், பத்து இருந்தால் இரண்டு போகம், ஐந்துக்குக் குறைந்தால் பயிர் கருகிவிடும். தட்டு முதலில் ஒன்றாம் வயலுக்குப் போகும். அவர் வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே தள்ளுவார். நல்ல மழைக்காலமென்றால் தட்டில் நாற்பது கொட்டை, எல்லோருக்கும் போதும். வறட்சியென்றால் இருபத்துநாலுதான். கெஞ்சலாம், பேரம் பேசலாம், சண்டை போடலாம். கையைப் பிடித்து இழுக்க மட்டும் கூடாது.

துறைத் தலைவர் மூன்று வெள்ளிக்கிழமை மதியங்களைக் கொடுத்தார். மூன்றாவதற்கு அவரே வந்து பார்ப்பார். பிடித்தால் தொடரலாம், பிடிக்காவிட்டால் மறுபடி குறிப்பேடு. வேலைக்கு ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் ஓய்வு பெறும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டே காலத்தைத் தள்ளவேண்டும். அந்த மூன்று மதியங்களையும் நான் அவ்வளவு நம்பியிருந்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை சீட்டு எடுத்தார்கள். தலைமடை, முக்கூடலிலிருந்து வருகிற ஒரு பெண்ணுக்கு வந்தது. அவள் அம்மா நடவுக்குப் போவார், நடவு இல்லாத நாளில் பீடி சுற்றுவார். அவள் வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பாள், கேட்டால் ஒழியப் பேசமாட்டாள். கடைமடையான எட்டாம் எண் அம்பாசமுத்திரத்துப் பையன் ஒருவனுக்கு. வீட்டில் நல்ல நிலபுலன், கலகலப்பான பையன், என்னைப் போன்ற குடும்பத்தவன். நான் அவன் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன்.

மழைக்காலச் சுற்று சத்தமில்லாமல் முடிந்தது. அடுத்தது வறட்சி. முக்கூடல் பெண் தட்டைப் பார்த்தாள், கீழே வரிசையாக இருந்த ஏழு முகங்களையும் பார்த்தாள். பிறகு நிதானமாகப் பத்துக் கொட்டையை எண்ணித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அவ்வளவு நிதானத்தை நான் அவளிடம் எதிர்பார்க்கவேயில்லை. இரண்டும் மூன்றும் ஐந்தைந்து எடுக்க, நாலாம் வயலுக்கு நாலு கொட்டை போனது, தட்டு காலி. வகுப்பு இரைந்தது. அம்பாசமுத்திரத்துப் பையன் வெறுந்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தான், ஆனால் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. அவன் முகத்தைப் பார்த்து நானும் ஏதோ ஒரு வார்த்தை சொன்னேன். என்ன சொன்னேன் என்று அன்று மாலை கேட்டிருந்தால்கூட எனக்கு நினைவிருந்திருக்காது. முக்கூடல் பெண் தன் பத்திலிருந்து ஐந்தை எடுத்து எட்டாம் வயலுக்குக் கொடுத்தாள், ஆட்டம் மேலே போனது. சண்டையும் சிரிப்புமாக மணியடித்தது. நான் வீட்டுக்குப் பறந்துகொண்டுதான் போனேன்.

இரண்டாம் வெள்ளிக்கிழமையும் சீட்டுதான், தட்டுதான், அதே விதிதான். ஆனால் சத்தமே இல்லை. வறட்சிச் சுற்றில் தலைமடை பத்தை எடுத்தது. கீழே உள்ளவர்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டார்கள், கிடைக்காதவர்கள் தட்டைத் திருப்பி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். கெஞ்சல் இல்லை, பேரம் இல்லை. எட்டாம் வயலில் இருந்தது அதே முக்கூடல் பெண். மூன்று வறட்சிச் சுற்றிலும் அவள் பயிர் கருகியது. அவள் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் அப்படிக் கூச்சல் போட்ட பிள்ளைகள் இந்த வாரம் ஏன் இப்படி ஆனார்கள் என்று எனக்கு ஒரே குடைச்சல்.

வீட்டில் காப்பியை ஆறவிட்டு, ஆட்டம் முடிந்ததும் அவர்கள் எழுதிக் கொடுத்த கணக்குத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டேன். ஒவ்வொருவரும் தம் வயல் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒன்றாம் வயல் அம்பாசமுத்திரத்துப் பையன். இங்கேதான் இடறியது. அவன் சீட்டு எடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆறு வந்ததென்று என்னிடம் காட்டி அலுத்துக்கொண்டான். ஆறு எப்படி ஒன்றானது?

திங்கட்கிழமை ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். மறைக்கவெல்லாம் இல்லை. மேசைக்கடியில் சீட்டை மாற்றிக்கொண்டார்களாம். யாரும் திட்டம் போடவில்லை, யாரும் தலைமை தாங்கவில்லை. ஒருவன் நீட்டியிருக்கிறான், ஒருத்தி வாங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். வீட்டில் நிலமுள்ள மூன்று பேர் ஒன்று, இரண்டு, மூன்றில். போன வருடம் நிலத்தை விற்றுவிட்டு டவுனுக்குக் குடிவந்த குடும்பத்துப் பையன் நாலாவதில். கடைக்காரர் மகள் ஐந்தில். கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் ஆறு, ஏழு, எட்டில். நான் உட்கார்ந்து யோசித்துப் பிரித்திருந்தால்கூட இத்தனை சரியாகப் பிரித்திருக்க முடியாது.

ஏன் மாற்றினீர்கள் என்ற கேள்விக்குச் 'சும்மாதான் மேடம்' என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. கடைக்காரர் மகள் மட்டும் கொஞ்சம் யோசித்து, "இப்படி இருந்தா சண்டை வராதுல்லா மேடம்?" என்றாள். எனக்கோ ஒரு பக்கம் புதையல் கிடைத்த சந்தோஷம், இன்னொரு பக்கம் எரிச்சல். எல்லோரும் சீட்டை மாற்றினார்கள், சரி. கையில் வந்த தலைமடையை யாராவது முதலில் விட்டிருக்கவேண்டுமே, அது யார்? அந்த வாரம் ஒன்றாம் எண் யாருக்கு வந்தது என்று கேட்டதில் அதுவும் வெளியே வந்தது. இரண்டாம் முறையும் தலைமடைச் சீட்டு முக்கூடல் பெண்ணுக்குத்தான் விழுந்திருக்கிறது. அவள்தான் முதல் ஆளாக அதை அம்பாசமுத்திரத்துப் பையனிடம் நீட்டியிருக்கிறாள்.

கல்லூரி விட்டதும் பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பிடித்தேன். முக்கூடல் பஸ் வர நேரமிருந்தது. ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். திட்டமாட்டேன், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்றேன். அது முழுப் பொய்யுமில்லை, முழு உண்மையுமில்லை.

"நீங்கதான மேடம் சொன்னீய" என்றாள்.

நான் என்ன சொன்னேன்?

"மொத வாரம். அவன் எட்டாம் நம்பர்ல வெறுந்தட்ட வச்சிட்டு நின்னாம்லா, அப்ப. 'பாவம், அவனுக்கு இதெல்லாம் பழக்கமில்ல, கொஞ்சம் விடும்மா'ன்னீய. அஞ்சு, ஆறு, ஏழுக்குந்தான் தண்ணி வரல. அவுகளுக்காக நீங்க கேக்கல. அப்ப எங்களுக்குப் பழக்கந்தான்னு நீங்க நினைக்கீயன்னு தெரிஞ்சிட்டு. பொறவு எதுக்கு அந்தச் சீட்டுன்னு குடுத்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், முதலில் அவள் மேல்தான் வந்தது. விளையாட்டில் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னதை இப்படிப் பிடித்துக்கொள்வதா என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள். என் பஸ்ஸும் வந்தது, நான் ஏறவில்லை. அங்கேயே நின்று அந்த மதியத்தை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். சொல்லித்தான் இருக்கிறேன். என் குரலிலேயே, அந்த வார்த்தைகளிலேயே. ஐந்தாம் வயலில் யார் இருந்தார், ஆறில் யார், ஏழில் யார் என்று யோசித்தேன். அவர்கள் முகம் அன்று எப்படி இருந்தது என்று எனக்கு நினைவே இல்லை. நான் பார்க்கவேயில்லை. நின்ற இடத்திலேயே கூசிப்போனேன்.

இனி எனக்கு வேண்டியது ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெளிவானது. மூன்றாவது வெள்ளிக்கிழமை ஆட்டம் நிஜமாக நடக்கவேண்டும். துறைத் தலைவர் முன்னால் அந்தப் பெண்ணுக்கு எந்த எண் வந்தாலும் அதை அவள் கையிலேயே வைத்திருக்கவேண்டும். இரண்டாம் வாரம்போல எல்லோரும் ஊமையாக உட்கார்ந்தால் அவர் கால் மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார், அத்தோடு முடிந்தது. அதைவிட மோசம், அவள் இனி எந்தச் சீட்டையும் தன்னுடையது என்று நினைக்கமாட்டாள்.

வியாழக்கிழமை வகுப்பில் நான் சொன்னதை நானே எடுத்துச் சொன்னேன். அது தப்பு, ஆட்டத்துக்கும் தப்பு, பொதுவிலும் தப்பு என்றேன். அம்பாசமுத்திரத்துப் பையன் தலையைக் குனிந்துகொண்டான், பாவம், அவன் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு விதிகள் சேர்த்தேன். எடுத்த சீட்டை மாற்றக் கூடாது. தட்டு நகரத் தொடங்கியபின் நான் வாய் திறக்கமாட்டேன், என்ன ஆனாலும் சரி. முக்கூடல் பெண் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. நாளைக்கு வருவாளா என்பதே சந்தேகமாக இருந்தது.

வந்தாள். ஆனால் நிலம் விற்ற வீட்டுப் பையன் காய்ச்சலென்று வரவில்லை. எட்டில் ஒன்று குறைகிறதே என்று நான் விழிக்க, வேடிக்கை பார்க்க வந்த துறைத் தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு ஆள்தானே, நான் உட்காருகிறேன் என்றார். பிஸ்கட் டின்னுக்குள் கையை விட்டார். ஏழு. முக்கூடல் பெண்ணுக்கு இரண்டு. அவளுக்கு மேலே ஒரே ஒரு வயல்தான், அதில் பயந்த சுபாவமுள்ள ஒரு பையன்.

மழைச் சுற்றில் துறைத் தலைவர் தம் ஐந்து கொட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, இதில் என்ன பாடம் இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு வறட்சி. ஒன்றாம் வயல் ஐந்தோடு நிறுத்திக்கொண்டது. தட்டு அவளிடம் வந்தது. அவள் பத்தை எண்ணி எடுத்தாள். மூன்று ஐந்தை எடுக்க, நாலு மிச்ச நாலையும் துடைக்க, ஏழாம் வயலுக்கு வெறுந்தட்டு போய்ச் சேர்ந்தது.

"ஏம்மா, இங்கன ஒண்ணுமே வரலையே. கொஞ்சம் பாத்து விடேன்" என்றார் துறைத் தலைவர். பதினெட்டு வருடமாக யாரும் மறுத்துப் பேசாத குரல்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய்க்குள் நாலைந்து சமாதான வார்த்தைகள் முண்டியடித்தன. நான் சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தேன். அந்த மரத்தை அவ்வளவு கவனமாக அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை. அவர் பேசினால் மாணவர்கள் எழுந்து நிற்பது வழக்கம். அவளும் பாதி எழுந்துவிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, உட்கார்ந்துகொண்டாள்.

"இந்தத் தடவ நான் ரெண்டு போகம் வைக்கேன் சார். உங்களுக்கு இல்ல."

போச்சு, திங்கட்கிழமை முதல் குறிப்பேடுதான் என்று நான் மனத்தைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்தேன். துறைத் தலைவர் வெறுந்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைத் திருப்பி ஐந்து, ஆறு, எட்டாம் வயல்காரர்களைக் கூப்பிட்டார். தனித்தனியாகக் கேட்டால் கிடைக்காது, நாலு பேரும் சேர்ந்து போவோம் என்றார். நாலு பேரும் எழுந்து இரண்டாம் வயலுக்கு நடந்தார்கள். அவர் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது.

அவள் அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டாள். கீழே வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, விட்டாலும் தண்ணீர் போய்ச் சேராது, வெட்ட ஆள் அனுப்புவீர்களா என்று கேட்டாள். அப்படி ஒரு விதியை நான் எழுதவேயில்லை. துறைத் தலைவர் இது உண்டா என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அனுப்புகிறேன் என்றார். அவள் ஐந்து கொட்டையை எடுத்து வைத்தாள். நாலு பேருக்கும் சேர்த்து இவ்வளவுதான், யாருக்கு என்பதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றாள். அதன்பிறகு நடந்ததுதான் வாய்க்கால் சண்டை. ஐந்தையும் பிரித்தால் யாருக்கும் பயிரில்லை, ஒருவருக்குக் கொடுத்தால் மூன்று பேர் கருகவேண்டும். துறைத் தலைவர் தம் வயதைச் சொன்னார், பதவியைச் சொன்னார், யோசனை தம்முடையது என்றார். கடைசியில் அது ஆறாம் வயலுக்குப் போனது. மணியடித்தபோது அவர் தட்டில் ஒன்றுமில்லை.

பிள்ளைகள் எழுந்தார்கள். அவர் எழவில்லை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முடிவைச் சொல்லப் போகிறார் என்று நான் காத்து நின்றேன். "அடுத்த வாரமும் நான் வாரேன். என்னைய ஒண்ணாம் வயல்ல போட்டுருங்கம்மா" என்றார் என்னிடம்.

'சரி சார்' என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஐந்து வருடப் பழக்கம் எங்கே போகும்? முக்கூடல் பெண் மேசையில் சிதறிக்கிடந்த கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே சொன்னாள்.

"சீட்டு எடுத்துட்டுதான் சார் உக்காரணும்."

துறைத் தலைவர் அவள் பக்கம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு அடுத்த வாரம் எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று கேட்டார். கேட்டது என்னிடம் இல்லை, அவளிடம்.